தூக்கத்துக்கு அழும் குழந்தை: கண் சொருகியும் ஏன் தூங்க மறுக்கிறது?

இரவு எட்டரை மணி. நான்கு மாதக் குழந்தை மாலை ஐந்துக்கு எழுந்தது, இன்னும் தூங்கவில்லை. ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்க்க வந்து, ஆளுக்கு ஒருமுறை கையில் வாங்கிக் கொஞ்சினார்கள். ஏழு மணிக்குக் குழந்தை கண்ணைக் கசக்கியது. "அப்பா வர்ற நேரம்தான், பார்த்துட்டுத் தூங்கட்டும்" என்று வைத்திருந்தார்கள். அப்பா வந்தார், தூக்கிப் போட்டுப் பிடித்தார், குழந்தை கலகலவென்று சிரித்தது. அடுத்த கால் மணி நேரத்தில் தொடங்கிய அழுகை நிற்கவே இல்லை. பால் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைத் திருப்புகிறது. தோளில் போட்டால் முதுகை வில்லாக வளைக்கிறது. இமை மூடுகிறது, உடனே திடுக்கிட்டு மறுபடியும் வீறிடுகிறது. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள்: வயிற்றுவலி, பால் பற்றவில்லை, கண்பட்டுவிட்டது.

பாட்டிமார் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: "தூக்கத்துக்கு அழுவுது." துல்லியமான பெயர். ஆனால் புதிதாகப் பெற்றோரானவர்களுக்கு அதில்தான் குழப்பமே. தூக்கம் வந்தால் தூங்க வேண்டியதுதானே, எதற்காக அழ வேண்டும்? நாம் அசந்துபோனால் தலையணையில் சாய்ந்ததும் தூங்கிவிடுகிறோம். குழந்தைக்கு அசதி கூடக் கூடத் தூக்கம் விலகிப் போவது எப்படி? இதற்குத் தூக்கம் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தூக்கத்தை வரவழைப்பது எது?

அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் 1982ல் முன்வைத்த விளக்கத்தைத்தான் தூக்க மருத்துவம் இன்றும் அடித்தளமாக வைத்திருக்கிறது. அதன்படி தூக்கத்தை இரண்டு ஏற்பாடுகள் சேர்ந்து நடத்துகின்றன.

1. தூக்க அழுத்தம். விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளை சக்தியைச் செலவழிக்கிறது. அந்தச் செலவின் மிச்சமாக அடினோசின் என்ற வேதிப்பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே போகிறது. சேரச் சேரக் கண் கனக்கும். தூங்கினால் அது கரையும். காபி குடித்தால் தூக்கம் தள்ளிப்போவதற்குக் காரணம், காபியில் உள்ள காஃபீன் இந்த அடினோசின் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்வதுதான்.

2. உடல் கடிகாரம். வெளிச்சத்தையும் இருட்டையும் வைத்து ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் இது ஓடுகிறது. இருட்டியதும் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்து, 'இரவு வந்துவிட்டது' என்று உடம்புக்குச் சொல்கிறது.

கைக்குழந்தைக்கு இந்த இரண்டும் நம்மைப் போல இல்லை. தூக்க அழுத்தம் மிக வேகமாக ஏறுகிறது. பெரியவர்கள் 16 மணி நேரம் தாங்கும் விழிப்பைப் பிறந்த குழந்தையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது. கடிகாரமோ இன்னும் ஓடவே தொடங்கவில்லை. வயிற்றில் இருந்தவரை அம்மாவின் மெலடோனின் நஞ்சுக்கொடி வழியாகக் கிடைத்தது. பிறந்தபின் குழந்தையின் உடம்பு அதைச் சொந்தமாக ஒரு ஒழுங்கில் சுரக்க இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை பகலும் இரவும் அதற்கு ஒன்றுதான்.

நம் வீடுகளில் பிரசவித்த தாயையும் குழந்தையையும் முதல் மாதம் முழுக்கச் சன்னல் சாத்திய உள்ளறையில் வைக்கும் வழக்கம் இருக்கிறது. ஓய்வுக்கும் தொற்றுப் பாதுகாப்புக்கும் அது உதவலாம். ஆனால் கடிகாரம் பழக வேண்டிய நாட்களில் குழந்தைக்குப் பகல் வெளிச்சமே கிடைக்காமல் போகிறது. பிரிட்டனில் 2004ல் வெளியான ஓர் ஆய்வில், இரவு நன்றாகத் தூங்கிய 6 முதல் 12 வார வயதுக் குழந்தைகள் பிற்பகலில் அதிக வெளிச்சம் பெற்றவர்களாக இருந்தார்கள். கதவைத் திறந்து வைத்தால் போதும், வெயிலில் காட்ட வேண்டியதில்லை.

அசதிக்குள் நுழையும் பரபரப்பு

இந்த இரண்டு ஏற்பாடுகளுக்கும் மேல் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: உடம்பின் பரபரப்பு. சத்தம், வெளிச்சம், புது முகம், விளையாட்டு, பசி, வலி, அழுகை எல்லாமே நரம்பு மண்டலத்தை முடுக்கிவிடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும், தசை இறுகும், மூச்சு வேகமாகும். தூக்க அழுத்தம் எவ்வளவு இருந்தாலும், பரபரப்பு அதைவிட மேலே இருந்தால் தூக்கம் வராது. தேர்வுக்கு முந்தைய இரவு நமக்கும் இதுதானே நடக்கிறது.

பெரியவர்கள் விளக்கை அணைத்து, கண்ணை மூடி, தாங்களாகவே அடங்க முடியும். அப்படி அடக்கும் மூளைப் பகுதி குழந்தைக்கு இன்னும் முழுதாக வளரவில்லை. தூக்கம் வரும்போது படுக்காமல் வைத்திருந்தால் எரிச்சல் வருகிறது, எரிச்சலில் அழுகிறது, அழுகையே உடம்பை இன்னும் முடுக்குகிறது. அந்த முடுக்கத்தில் தூங்க முடியாமல் மேலும் அழுகிறது. இந்தச் சுழலுக்குள் மாட்டிய குழந்தையைத்தான் 'தூக்கத்துக்கு அழுகிறது' என்கிறோம். இது நோயின் பெயரும் இல்லை, பிடிவாதமும் இல்லை. வெளியிலிருந்து யாராவது அடக்கிக் கொடுத்தால் ஒழிய அதனால் தானாக வெளியே வர முடியாது.

இணையத்தில் இதை ஒரே வரியில் 'கார்டிசால் பொங்கிவிடுகிறது' என்று முடித்துவிடுகிறார்கள். நீண்ட அழுகையில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் கூடுவது உண்மைதான். ஆனால் பச்சைக்குழந்தைக்குக் கார்டிசாலின் தினசரி ஏற்ற இறக்கமே சில மாதங்களுக்குப் பிறகுதான் உருவாகிறது. 'ஒரு தூக்கம் தவறியதால் குழந்தையின் மூளை விஷமாகிவிட்டது' என்ற ரீதியில் தாயைப் பயமுறுத்தும் பதிவுகளை நம்ப வேண்டாம். ஒரு மாலை தவறியதால் எந்தக் கேடும் நிலைத்துவிடாது.

கொஞ்சம் வளர்ந்த குழந்தைகளிடம் வேறொன்றும் சேர்கிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் உடல் கடிகாரம் விழிப்பைத்தான் பலமாகத் தள்ளுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சோர்ந்து கிடந்த ஒரு வயதுக் குழந்தை ஏழரைக்கு வீட்டைச் சுற்றி ஓடுவதை எல்லாரும் பார்த்திருப்போம். 'தூக்கம் தெளிஞ்சிடுச்சு' என்று நாம் நினைக்கிறோம். தெளியவில்லை. அழுத்தம் அப்படியே இருக்கிறது, மேலே ஒரு அலை மூடியிருக்கிறது.

கண்பட்டுவிட்டது என்ற நம்பிக்கையையும் இந்த இடத்தில் யோசித்துப் பார்க்கலாம். கல்யாண வீட்டுக்குப் போய்வந்த அன்று, நாலு பேர் வந்து தூக்கிக் கொஞ்சிய அன்று, குழந்தை இரவெல்லாம் அழும். அந்தத் தொடர்பைப் பாட்டி சரியாகவே கவனித்திருக்கிறார். புது முகங்களும் சத்தமும் தவறிய தூக்கமும் சேர்ந்து செய்த வேலை அது.

எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1. முதல் கட்டம் அமைதியானது, அதனாலேயே தவறிப்போகிறது. கைகால் ஆட்டம் குறையும். பேச்சுக்கு 'ங்கா' என்று பதில் வராது. பார்வை முகத்தை விட்டு விலகிச் சுவரிலோ மின்விசிறியிலோ நிற்கும். புருவத்தைச் சுற்றி லேசாகச் சிவக்கும். நாம் செய்யும் தவறு இங்கேதான்: போரடிக்கிறது போல என்று கிலுகிலுப்பையை முகத்துக்கு நேரே ஆட்டுகிறோம். தூங்க வைக்க மிக எளிதான நேரம் இதுதான்.

2. அடுத்து கொட்டாவி, கண் கசக்கல், காதைப் பிடித்து இழுத்தல், தோளில் முகத்தைப் புதைத்தல், சிணுங்கல். இன்னும் நேரம் இருக்கிறது, ஆனால் அதிகமில்லை.

3. கடைசியில் முதுகு வளைத்தல், இறுக மூடிய கை, உயர்ந்த குரலில் வீறிடல், மார்பைத் தேடிப் பிடித்து உடனே விடுதல், கண் மூடியதும் திடுக்கிடல். இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்ட குழந்தைக்குத்தான் கீழே உள்ள வழிமுறை.

எவ்வளவு நேரம் விழித்திருக்கலாம் என்பதற்கு வழக்கத்தில் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. பிறந்த முதல் மாதம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், அதுவும் பால் குடிப்பது, துணி மாற்றுவது எல்லாம் சேர்த்து. இரண்டு மூன்று மாதத்தில் ஒன்றேகால், ஒன்றரை மணி. நான்கைந்து மாதத்தில் இரண்டு மணியை ஒட்டி. ஆறு மாதத்துக்குமேல் இரண்டு முதல் மூன்று மணி. ஒரு வயதை நெருங்கும்போது மூன்று நான்கு மணி. இவை அனுபவத்தில் வந்த எண்கள், நிமிடக் கணக்கில் சோதித்து நிறுவப்பட்டவை இல்லை. செல்போன் செயலி மணி அடிக்கிறது என்பதற்காகச் சிரித்து விளையாடும் குழந்தையை இருட்டறைக்குள் தூக்கிப் போக வேண்டாம். கடிகாரத்தை ஒரு நினைவூட்டலாக வைத்துக்கொண்டு, குழந்தையின் முகத்தைப் பாருங்கள்.

மொத்தத் தூக்கத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்ன அளவு: மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம், 4 முதல் 11 மாதம் வரை 12 முதல் 16 மணி நேரம். பகல் தூக்கமும் இதில் அடக்கம்.

ஆறு வார வயதை ஒட்டிய குழந்தை தினமும் மாலை ஒரே நேரத்தில் அழுதால் அது முழுக்க அசதியாக இருக்காது. பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து குழந்தைகளின் அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாவது வார வாக்கில் உச்சம் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தணிகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1962லேயே இதைப் பதிவு செய்தார். உச்சம் தொடும் வாரங்களில் என்ன செய்தாலும் சில அழுகைகள் நிற்காது. அது தாயின் தவறில்லை.

அந்த நேரத்தில் என்ன செய்வது?

அழும் குழந்தையைச் சுற்றி நாம் வழக்கமாகக் கூட்டிக்கொண்டே போகிறோம்: இன்னொரு பொம்மை, இன்னொரு ஆள், இன்னும் வேகமான ஆட்டல், செல்போனில் பாட்டு. பரபரப்புதான் பிரச்சினை என்று புரிந்துவிட்டால், ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

1. ஒரே ஆள். கைமாற்றிக் கைமாற்றித் தூக்குவதை முதலில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கைமாற்றமும் புது வாசனை, புது குரல், புது பிடி. யார் பதற்றமில்லாமல் இருக்கிறாரோ அவர் வாங்கிக்கொள்ளட்டும். அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று மணி நேரமாகத் தூக்கி வைத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் ஓய்வுதான் தேவை.

2. இருட்டு. டிவி, செல்போன் திரை, டியூப்லைட் மூன்றும் அணைய வேண்டும். அமெரிக்காவில் 2018ல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை இரவில் ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் விளையாட விட்டார்கள். மெலடோனின் சுமார் 88 சதவீதம் சரிந்தது, விளக்கை அணைத்து முக்கால் மணி நேரம் கழித்தும் மீளவில்லை. கைக்குழந்தைகளை வைத்துச் செய்த சோதனை இல்லை என்றாலும், சின்னக் கண்ணுக்குள் வெளிச்சம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இது காட்டுகிறது.

3. ஒரு நிமிடச் சோதனை. நாப்பி நனைந்திருக்கிறதா, அரைஞாண் கயிறு இறுக்குகிறதா, பிடரி வியர்த்திருக்கிறதா. அப்புறம் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு முடி கொத்துக்கொத்தாக உதிரும். அதில் ஒரு இழை குழந்தையின் சாக்ஸுக்குள்ளோ போர்வைக்குள்ளோ போய் விரலைச் சுற்றி இறுக்கிவிடும். விரல் சிவந்து வீங்கும்வரை வெளியே தெரியாது, குழந்தை வீறிட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே புதைந்துபோன இழையை எடுக்க முடியாவிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

4. நடை. மார்போடு அணைத்து, தலையைத் தாங்கி, திடீர்த் திருப்பங்கள் இல்லாமல் ஒரே சீராக ஐந்து நிமிடம் நடங்கள். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடா குழுவினர் 2022ல் 21 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தபோது அழுகை தணியவில்லை. தூக்கிக்கொண்டு நடந்தபோதும், அசையும் தொட்டிலில் இட்டபோதும் தணிந்தது, இதயத்துடிப்பு இறங்கியது. ஐந்து நிமிட நடையில் அழுகை நின்றது, ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் தூங்கியே போயின. விலங்குகளிலும் இதைப் பார்க்கலாம். தாய்ப் பூனை பிடரியைக் கவ்வித் தூக்கினால் குட்டி அசையாமல் அடங்கிவிடுகிறது. இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கும் தாய்மார் செய்வதும் இதையேதான்.

5. ஓசை. 'ஷ்ஷ்ஷ்' என்ற நீண்ட ஓசை, மின்விசிறி ஓசை, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடும் 'ஆராரோ'. 1990ல் லண்டனில் பிறந்த குழந்தைகள் 40 பேரிடம் செய்த சோதனையில், சீரான இரைச்சல் கேட்ட 20 பேரில் 16 பேர் ஐந்து நிமிடத்துக்குள் தூங்கினார்கள். கேட்காத 20 பேரில் தூங்கியவர்கள் ஐந்து பேர். தாலாட்டு என்ற சொல்லே தால், அதாவது நாக்கு, ஆடுவதிலிருந்து வந்தது. நாக்கை ஆட்டி எழுப்பும் அந்த ஓசைக்கு வார்த்தைகூடத் தேவையில்லை. கருவி வைத்து ஓசை எழுப்பினால் குழந்தையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, குறைந்த ஒலியில் வையுங்கள். காதருகே செல்போனை வைக்கக் கூடாது.

6. கிடத்துதல். பாதிப் பேர் தோற்பது இந்த இடத்தில். கைக்குழந்தை தூங்கத் தொடங்கும்போது முதலில் லேசான தூக்கத்தில்தான் இருக்கிறது: மூடிய இமைக்குள் கண் உருளும், உதடு சுழிக்கும், மூச்சு ஏறி இறங்கும். உடனே கிடத்தினால் விழித்துக்கொள்ளும். அதே ஜப்பானிய ஆய்வில், தூங்கி எட்டு நிமிடமாவது ஆன குழந்தைகள் கிடத்தும்போது பெரும்பாலும் விழிக்கவில்லை. நடந்து முடித்ததும் ஐந்து முதல் எட்டு நிமிடம் அசையாமல் உட்காருங்கள். கையைத் தூக்கி விட்டுப் பாருங்கள், துணி மாதிரித் தொய்ந்து விழுந்தால் ஆழ்ந்துவிட்டது. இன்னொன்றையும் அவர்கள் கவனித்தார்கள்: குழந்தையை எழுப்பியது முதுகு படுக்கையில் படும் கணம் இல்லை, தாயின் உடம்பிலிருந்து பிரியும் கணம். ஆகவே நீங்களும் கூடவே குனியுங்கள். உங்கள் மார்பு குழந்தையின் மார்பைத் தொட்டபடி இருக்க, முதலில் அதன் இடுப்பு, பிறகு முதுகு, கடைசியில் தலை. பிறகும் உள்ளங்கையை மார்பில் ஒரு நிமிடம் வைத்திருந்து, எடை குறைத்து, மெல்ல எடுங்கள்.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வழியை மாற்றாதீர்கள். தட்டல், ஆட்டல், பாட்டு, பால் என்று தாவினால் ஒவ்வொன்றும் புதிய தூண்டலாகிவிடும். ஒன்றைப் பிடித்தால் ஐந்து நிமிடமாவது அதிலேயே இருங்கள்.

தூளி: பலனும் ஆபத்தும்

தூளியைப் பற்றி இரண்டு பக்கமும் மிகையாகப் பேசுகிறார்கள். பழைய முறை என்று ஒதுக்குபவர்களும், பாரம்பரியம் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்பவர்களும் அதன் வேலையைப் பார்ப்பதில்லை. புடவைத் துணி குழந்தையை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிறது, அதனால் கைகால் திடுக்கிட்டு விரிவது குறைகிறது. உள்ளே வெளிச்சம் மங்கல். ஆட்டம் ஒரே தாளத்தில் போகிறது: ஒன்றரை மீட்டர் நீளத்துக்குத் தொங்கும் தூளி ஒருமுறை போய்வர ஏறத்தாழ இரண்டரை விநாடி ஆகும், யார் ஆட்டினாலும் அந்த நீளம் தாளத்தை மாற்ற விடாது. மெல்ல ஆடும் கட்டிலில் பெரியவர்களும் சீக்கிரம் தூங்குகிறார்கள் என்று ஜெனீவாவில் 2011ல் வெளியான ஆய்வு காட்டியது. அடக்குவதற்குத் தூளி அருமையான கருவி, அதில் சந்தேகமில்லை.

பிரச்சினை, தூங்கிய பிறகு அதிலேயே விடுவதில் இருக்கிறது. தூளிக்குள் முதுகு வளைகிறது, மோவாய் நெஞ்சில் படிகிறது. கழுத்து நிற்காத குழந்தைக்கு அப்படிப் படிந்தால் மூச்சுக்குழல் நெருங்கும். துணி முகத்தில் ஒட்டலாம். புரளவும் எழவும் தொடங்கிய குழந்தை விழலாம். அண்ணன், அக்கா அதில் ஏறி விளையாடிக் கழுத்து மாட்டி இறந்த செய்திகள் தமிழ்நாட்டில் அவ்வப்போது வருகின்றன.

இதை ஏன் இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அசதி மிஞ்சிய இரவில்தான் இந்த ஆபத்து கூடுதல். பெல்ஜிய ஆய்வாளர்கள் 2004ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் போலக் கூடுதலாக விழித்திருக்க வைத்த குழந்தைகள் பிறகு தூங்கும்போது சத்தத்துக்கு எளிதில் விழிக்கவில்லை. மூச்சு அடைபட்டு நிற்பதும் அவர்களிடம் கூடியிருந்தது. மூச்சுக்குத் தடை வரும்போது விழித்துத் தலையைத் திருப்புவதுதான் குழந்தைக்கு இருக்கும் பாதுகாப்பு. நெடுநேரம் அழுது அசந்த குழந்தைக்கு அந்தப் பாதுகாப்பு மங்குகிறது. அதனால்:

1. தூளியில் ஆட்டி அடக்கலாம், ஆள் பக்கத்தில் இருக்கும்வரை. தூங்கியதும் சமமான, கெட்டியான இடத்துக்கு மாற்றுங்கள்.

2. எப்போதும் மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். 1990களில் பல நாடுகள் இந்த ஒரு அறிவுரையைப் பரப்பிய பிறகு, தூக்கத்தில் திடீரென இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதி அளவுக்குக் குறைந்தது. 'குப்புறப் போட்டா நல்லாத் தூங்கும்' என்பது உண்மைதான், அந்த ஆழம்தான் ஆபத்து.

3. தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். துணியில் சுற்றினால் பழைய வேட்டித் துணி போன்ற மெல்லிய பருத்தி போதும். இடுப்புக்குக் கீழே தளர்வாக இருக்கட்டும், இல்லாவிட்டால் இடுப்பு மூட்டு விலகலாம். புரள முயன்றதும் சுற்றுவதை நிறுத்திவிட வேண்டும்.

4. சோபாவில் சாய்ந்து நெஞ்சில் போட்டபடி நீங்களும் தூங்கிவிடுவது மிக ஆபத்தான நிலை. கண் அசருகிறது என்றால் வேறொருவரை எழுப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மருந்து கொடுத்துத் தூங்க வைக்கலாமா?

கூடாது. தூக்கத்துக்கு அழும் குழந்தைக்கு மருந்தே இல்லை. ஜாதிக்காயை உரசிக் கொடுத்தால் தூங்குவது அதன் மயக்கும் தன்மையால்தான், அளவு தப்பினால் நஞ்சு. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்ற பெயரே உண்டு, ஆனால் அதில் உள்ள அசரோன் என்ற வேதிப்பொருள் பச்சைக்குழந்தைக்கு ஏற்றதில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் தேவையில்லை. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. சளி மருந்து கொடுத்தால் அசந்து தூங்கும் என்று கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அட்டையிலேயே அச்சிடச் சொல்லிவிட்டது.

மறுநாள் மாலை அதே நிலை வராமல் இருக்க

ஒரு மோசமான மாலைக்குப் பிறகு பலரும், பகலில் தூங்கவிடாமல் வைத்திருந்தால் இரவு அசந்து தூங்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். பெரியவர்களுக்குப் பொருந்தும் கணக்கு அது. கைக்குழந்தையிடம் நேர் எதிராக முடியும். மறுநாள் பகல் தூக்கத்தைத் தாராளமாக விடுங்கள், இரவுப் படுக்கையை அரை மணி, முக்கால் மணி முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

ஆசியக் குழந்தைகள் பொதுவாகவே தாமதமாகத் தூங்குகிறார்கள். இந்தியா உட்பட 17 நாடுகளைச் சேர்ந்த 29,287 குழந்தைகளைப் பற்றி 2010ல் வெளியான ஆய்வில், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நியூசிலாந்தில் இரவு ஏழரைக்கும் ஹாங்காங்கில் பத்தேகாலுக்கும் தூங்கினார்கள். வேலை முடிந்து அப்பா வீடு திரும்பவே ஒன்பதாகும் ஊரில் ஏழரைக்குத் தூங்க வைப்பது எல்லாருக்கும் நடக்காது. அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். நேரத்தை மாற்ற முடியாவிட்டால், மாலைத் தூக்கம் ஒன்றை நடுவில் விடுங்கள். அப்பா வந்ததும் தூக்கிப் போட்டு விளையாடுவதை விட்டு, குளிப்பாட்டவோ தோளில் போட்டு நடக்கவோ எடுத்துக்கொள்ளட்டும். குழந்தையோடு இருக்கும் நேரமும் கிடைக்கும், பரபரப்பும் கூடாது.

தினமும் ஒரே வரிசை பலன் தரும். 2009ல் 405 தாய்மார்களைக் கொண்டு நடத்திய ஆய்வில் குளியல், உடம்பு தடவல், அமைதியான அணைப்பு, அரை மணிக்குள் விளக்கணைப்பு என்று வைத்ததும், குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இரவில் விழிப்பதும் குறைந்தது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் குழந்தை அடித்துப் போட்டாற்போல் தூங்கும் என்பது நமக்குத் தெரியும். வெந்நீரில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து, பிறகு உடம்பின் உள்வெப்பம் இறங்குகிறது, அந்த இறக்கம் தூக்கத்தைக் கூப்பிடுகிறது. நம் வீடுகளில் இது காலையில் நடக்கிறது. மாலையில் எண்ணெய் இல்லாமல் வெதுவெதுப்பான நீரில் துடைத்தாலும் போதும். சாம்பிராணிப் புகையை மட்டும் விட்டுவிடுங்கள், சின்ன நுரையீரலுக்கு அது ஆகாது.

எப்போது அசதி என்று நினைத்து விடக்கூடாது?

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், பச்சை நிறத்தில் வாந்தி, உச்சிக்குழி புடைத்தல், மூச்சுக்குத் திணறல், வழக்கத்தில் கேட்டிராத கீச்சென்ற அழுகை, துவண்டு கிடத்தல், வலிப்பு: இவற்றில் எது இருந்தாலும் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறலோ வலிப்போ என்றால் 108ஐ அழைக்கலாம். எதுவும் தெரியாமலே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாமல் அழுதாலும் காட்டிவிடுவது நல்லது.

இன்னொரு நெருக்கடி உண்டு, அதை நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. நடுராத்திரி, நான்காவது நாள் தூக்கமில்லை, குழந்தை நிறுத்தவில்லை, தூக்கியிருப்பவருக்குக் கை நடுங்குகிறது, கோபம் தலைக்கேறுகிறது. அந்த நேரத்தில் ஒரு சில விநாடி குழந்தையைப் பிடித்துக் குலுக்கினாலும் மூளையில் ரத்தம் கசிந்து, பார்வையோ உயிரோ போகலாம். அந்த எல்லை நெருங்குகிறது என்று தெரிந்தால், பக்கத்தில் எதுவும் இல்லாத பாயிலோ தொட்டிலிலோ மல்லாக்கக் கிடத்திவிட்டு அறையை விட்டு வெளியே வாருங்கள். முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள், வீட்டில் தூங்குபவரைத் தயங்காமல் எழுப்புங்கள். அழுகை கேட்டுக்கொண்டேதான் இருக்கும், பத்து நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கை நடுக்கம் நின்றபின் உள்ளே போய்த் தூக்கி, அந்த ஐந்து நிமிட நடையிலிருந்து மறுபடி தொடங்கலாம்.